எண்பத்தேழாம் பக்கத்தில் ஒரு காலி இடம்

ராசா, அப்பா கொண்டுவரும் கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. உன் ஆய்வேட்டின் ஐந்து பிரதிகளும் அந்தக் கட்டில் இருக்கின்றன. டைப் அடித்தவர் கணிதக் குறிகளுக்காக விட்டிருந்த இடங்களையெல்லாம் கறுப்பு மையால் நிரப்பிவிட்டேன், ஒன்றைத் தவிர. எண்பத்தேழாம் பக்கம், மேலிருந்து ஒன்பதாவது வரி. ஐந்து பிரதியிலும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். கை மறந்து விட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. வெள்ளிக்கிழமை நீ இதைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க வேண்டும், ஒப்படைத்தால்தான் கல்லூரி வேலை, வேலையில் சேர்ந்தால்தான் தையில் கல்யாணம் என்று எல்லாம் ஒன்றன் பின்னால் ஒன்றாக நிற்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டிருக்கிறேன். ஏன் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். நான் நேராக வரமாட்டேன், சுற்றித்தான் வருவேன். வகுப்பில் முப்பது பெண் பிள்ளைகள் பொறுத்துக்கொள்கிறார்கள், நீயும் பொறுத்துக்கொள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருக்கிறாரே சுந்தரம், அவர் இதுவரை மனுக்களும் பத்திரங்களும்தான் அடித்திருக்கிறார். உன் கையெழுத்துப் பிரதியைப் பார்த்ததும் மிரண்டுவிட்டார். மெஷினில் இல்லாத குறி வரும் இடத்திலெல்லாம் இரண்டு தட்டு, மூன்று தட்டு இடைவெளி விட்டுக்கொண்டே போங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்று சொன்னேன். முதல் அத்தியாயம் வாங்கப் போனபோது தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஏன் டீச்சரம்மா, இது புஸ்தகமா, கொசுவலையா? எழுத்தக் காட்டிலும் ஓட்டைதான் ஜாஸ்தியா இருக்கு” என்றார். “அந்த ஓட்டைலதான் விஷயமே இருக்கு” என்றேன். “அப்பச் சரி, நான் ஓட்டைய மட்டும் ஒழுங்கா அடிச்சுத் தாரேன்” என்றார். நன்றாகவே அடித்துக் கொடுத்தார். கார்பன் வைத்து எடுத்த பிரதிகளிலும் குறிகளை ஒவ்வொன்றாகக் கையால்தான் போட வேண்டும் என்பதால், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசல் வெளிச்சம் இருக்கும்வரை உட்கார்ந்துவிடுவேன். ஒரு பிரதியை முழுவதும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டேன். ‘ஒன் கையெழுத்துல இருந்தா அழகா இருக்கும்மா’ என்று நீ கேட்டிருந்தாய். அதைக் கேட்ட நாள் முழுக்க நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாது.

குறிகளை நான் படம் வரைவதுபோலப் பார்த்து எழுதுவதாகத்தான் நீ நினைத்திருப்பாய். இரண்டு வருடத்துக்கு முன் சித்திரையில் உனக்கு மஞ்சள் காமாலை வந்ததே, அந்த ஒரு மாதத்தை நினைத்துப் பார். டாக்டர் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிவிட்டார். அப்பா தினமும் கீழாநெல்லி பிடுங்கி வந்து அரைக்கச் சொல்லி நின்றார்கள். நீயோ அந்தத் தடிப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தவித்தாய். கடைசியில் என்னை வாசிக்கச் சொன்னாய். கண்ணை மூடிக்கொண்டு நீ கேட்டாய், நான் வாசித்தேன். ஒரு நாள் ஓரிடத்தில் நான் நிறுத்தி, இது அச்சுப் பிழையாக இருக்கும் என்றேன். இரண்டு சார்புகளைப் பெருக்கினால் பூஜ்யம், ஆனால் இரண்டுமே பூஜ்யம் இல்லை என்று போட்டிருந்தது.

“ரெண்டு நம்பரப் பெருக்குனா பூஜ்யம் வருது. என்ன அர்த்தம்மா?” என்று கேட்டாய்.

“ரெண்டுல ஒண்ணு பூஜ்யம். எட்டாங்கிளாஸ் பிள்ளைக சொல்லும்.”

“நம்பருக்குச் சரி. நேத்து மழ எங்க பேஞ்சுச்சு?”

“நரிக்குடிப் பக்கம். இங்க மேகத்தக் காட்டிட்டுப் போயிருச்சு.”

“முந்தாநாளு?”

“பந்தல்குடிலன்னு பஸ்ஸுல பேசிக்கிட்டாக.”

“இப்ப ஒவ்வொரு ஊருலயும் நேத்துப் பேஞ்ச மழைய முந்தாநாள் பேஞ்ச மழையோட பெருக்கும்மா.”

நான் ஊர் ஊராகப் பெருக்கிப் பார்த்தேன். நரிக்குடியில் முந்தாநாள் பூஜ்யம். பந்தல்குடியில் நேற்றுப் பூஜ்யம். நமக்கு இரண்டு நாளும் பூஜ்யம். எங்கே பெருக்கினாலும் பூஜ்யம்தான், ஆனால் மழை இரண்டு நாளும் பெய்திருக்கிறது. வத்தல் மூட்டைக்குச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த அப்பா, “பேயுற மழையே இம்புட்டு. அதையும் பெருக்கிப் பூஜ்யமாக்கிட்டீகளா ரெண்டு பேரும்?” என்று கேட்டார்கள். நீ சிரித்த சிரிப்பில் வயிறு வலித்து மறுபடி படுத்துக்கொண்டாய்.

அந்த மாதம் முழுவதும் நீ எனக்கு இப்படித்தான் சொன்னாய். நிலத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்ணைக் கொடுப்பது சார்பு. பக்கத்துப் புள்ளிக்குப் போகும்போது எண் திடீரென்று எகிறாமல் மெல்ல மாறினால் அது தொடர்ச்சியானது. இவற்றைக் கூட்டலாம், பெருக்கலாம், அதனால் எல்லாம் சேர்ந்து ஒரு வளையம். அந்த வளையத்துக்குள் ஒரு சிறு கூட்டம். அதில் இரண்டைக் கூட்டினால் விடை கூட்டத்துக்குள்ளேயே கிடைக்கும். அதில் ஒன்றை வெளியில் இருக்கும் எதனோடு பெருக்கினாலும் விடை கூட்டத்துக்குள்ளேயே வந்துவிடும். அதற்கு ஐடியல் என்று பெயர். நிலம் காம்பாக்டாக இருந்தால், அதாவது தன் ஓரங்களையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு எதுவும் நழுவிப்போக இடம் தராமல் இருந்தால், முழு வளையத்தைத் தவிர எந்த ஐடியலை எடுத்தாலும் அதிலுள்ள அத்தனை சார்புகளும் ஒன்றாகப் பூஜ்யமாகும் புள்ளி ஒன்றாவது அந்த நிலத்துக்குள் இருந்தே தீரும். ஆகவே நிலத்தைக் கண்ணால் பார்க்காத ஒருவர்கூட, கூட்டலையும் பெருக்கலையும் மட்டும் வைத்துக்கொண்டு அதன் புள்ளிகளை ஒவ்வொன்றாக மீட்டுவிடலாம். இதை நீ சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பி.ஏ.வில் கணிதம் படித்தவள் நான். படித்து முடித்த வருடமே கல்யாணம், மறு வருடம் நீ. அதற்கப்புறம் இருபது வருடமாக அதே வர்க்கச் சூத்திரங்கள். பாடத்திட்டத்தில் கணங்கள் வந்தபோது எங்களைக் கோடை வகுப்புக்கு அழைத்துச் சொல்லிக் கொடுத்தார்களே, புதிதாகப் படித்தது என்றால் அது ஒன்றுதான். நீ உடம்பு தேறி மதுரைக்குப் போன பிறகு, உன் பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து நானே தொடர்ந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. அந்த ஒரு மாதம் நான் உனக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்று நீ நினைத்தாய். நான் படித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எண்பத்தேழாம் பக்கம். ஒரு சார்பால் வகுக்க வேண்டிய தேவை உனக்கு அங்கே வருகிறது. அது பூஜ்யமாகும் இடங்களில் வகுக்க முடியாது. அதனால் அந்த இடங்களை நிலத்திலிருந்து எடுத்துவிட்டு, மிச்சத்தை வைத்துக்கொள்கிறாய். பூஜ்யத்தால் வகுக்காதே, வகுக்காதே என்று உன் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அதுவரை எல்லாம் சரி. அடுத்த வரியில், இரண்டாம் அத்தியாயத்துத் தேற்றப்படி இந்த மிச்ச நிலத்திலுள்ள ஐடியலுக்கும் ஒரு பொதுப் பூஜ்யப் புள்ளி இருக்கிறது என்கிறாய். ‘இந்தப் புள்ளி மிச்ச நிலத்தில் அடங்கியது’ என்று காட்டும் குறிதான் நான் விட்டிருப்பது. ஆனால் ராசா, அந்தத் தேற்றம் முழு நிலத்துக்குச் சொன்னது. நீ ஓரத்தை வெட்டி எடுத்த பிறகு மிச்சம் காம்பாக்டாக இருக்கும் என்று யார் சொன்னது?

முதல் பிரதியில் அந்த வரிக்கு வந்தபோதே எனக்கு உறுத்தியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பிறகு குறியைப் போட்டுவிட்டேன். இரண்டாம் பிரதியிலும் போட்டுவிட்டேன். உன் கைடு பார்த்திருக்கிறார், எனக்கென்ன தெரியும் என்று சொல்லிக்கொண்டேன். அது பொய். உனக்கு நினைவிருக்கும் ஒரு காரியம்தான் என்னைப் பேசவிடாமல் தடுத்தது.

உனக்கு அப்போது பத்து வயது. திருச்சுழிக்குப் பக்கத்தில் பெரியப்பா வாங்கிய நிலத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். கரையில் பனங்கொட்டை ஊன்ற வேண்டும் என்று பேச்சு வந்தது. “ஏலே, கரை நூறடி. பத்தடிக்கு ஒண்ணா ஊணுனா எத்தனை கொட்டைலே வேணும்?” என்று பெரியப்பா உன்னைக் கேட்டார். நீ இமைக்கும் நேரத்தில் “பத்து” என்றாய். பெரியப்பா கை தட்டினார். வந்திருந்த சனம் முழுவதும் கை தட்டியது. நான் சோற்றுச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கி, “தப்பு. பதினொண்ணு. மொதக் கொட்டைய எங்க வச்ச?” என்றேன். பெரியம்மா விடுவார்களா? “டீச்சரு வீட்டுல சோத்தோட சேத்துக் கணக்கையும் பிசைஞ்சு ஊட்டுவாகன்னுல்ல நெனச்சேன். பிள்ள பட்டினியா கெடக்கு போல” என்றார்கள். சிரிப்பு ஓய வெகு நேரமானது. நீ சாப்பிடாமல் வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாய். அதன் பிறகு நான் பக்கத்தில் வந்தால் நோட்டின் மேல் இடது கையை வைத்து மறைப்பாய். பத்தாம் வகுப்பு வரைக்கும் அந்தக் கை விலகவில்லை. நான் சொன்ன விடை சரி. சொன்ன இடம் தப்பு. வீட்டுக்கு வந்து, நாம் இரண்டு பேரும் மட்டும் இருக்கும்போது, பதினோரு புளியங்கொட்டையை வரிசையாக வைத்துக் காட்டியிருக்கலாம். இனி இவன் கணக்கில் வாய் வைப்பதில்லை என்று அன்று முடிவு செய்தேன். மஞ்சள் காமாலைதான் நமக்குள் மிச்சமிருந்த அந்தக் கையையும் விலக்கியது. மறுபடி அதை வரவழைக்க எனக்குத் துணிவில்லை.

மூன்றாம் பிரதியில் பேனா நின்றுவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்து அடிஸ்கேலை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்கேல்தான் நிலம், இரண்டு முனையும் சேர்த்து. தூரத்தைச் சொல்லும் சார்பை எடுத்துக்கொண்டேன். அது பூஜ்யமாவது முதல் முனையில் மட்டும். உன்னைப்போலவே அந்த முனையை எடுத்துவிட்டேன். இப்போது மிச்ச ஸ்கேலில், ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் தூங்கிவிட்டுப் பிறகு எழும் சார்புகளைச் சேர்த்தேன். ஒன்று ஓர் அங்குலம் வரை பூஜ்யமாகத் தூங்கும், இன்னொன்று அரை அங்குலம், மற்றொன்று அதில் பத்தில் ஒன்று, இப்படி எவ்வளவு சிறிதாக வேண்டுமானாலும். இரண்டைக் கூட்டினால் குறைந்த தூரம் வரைக்காவது விடை தூங்கும். வேறு எதனோடு பெருக்கினாலும் தூக்கம் கலையாது. ஆக இது ஓர் ஐடியல். எல்லாம் ஒன்றாகத் தூங்கும் புள்ளி எது? மிச்ச ஸ்கேலில் எந்தப் புள்ளியைத் தொட்டாலும், அதற்கு முன்பே எழுந்துவிட்ட சார்பு ஒன்று இருக்கிறது. அத்தனையும் ஒன்றாகப் பூஜ்யமாகக்கூடிய ஒரே இடம், நாம் முதலில் எடுத்துப் போட்ட அந்த முனைதான். கண்மாயைத் தூக்கிவிட்டு, ஓடைகளெல்லாம் எங்கே போய்ச் சேருகின்றன என்று மிச்சக் காட்டில் தேடினால் எப்படி? அன்று முதல் கொட்டையை விட்டாய், இன்று முதல் முனையை விட்டிருக்கிறாய். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, உன் தலையைத் தடவ வேண்டும்போலவும் இருக்கிறது.

நான் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் அப்பாதான் கேட்டார்கள்.

“என்ன டீச்சர், மூணாம் கட்டு நகரவே மாட்டேங்குது?”

சொன்னேன். கணக்கைச் சொல்லவில்லை, ஒரு வரி தப்பாக இருக்கும் என்று தோன்றுகிறது என்று மட்டும்.

“அவுக கைடு பாத்துட்டாகல்ல?”

“பாத்துட்டாக.”

“அவுக பாத்தும் இருக்குங்கிற?”

“இருக்குன்னுதான் தோணுது.”

“அப்ப அவன்ட்டச் சொல்ல வேண்டியதுதான? சொன்னா அவன் மொகத்தத் தூக்கிருவான்னு பயமா, இல்ல நீ சொல்றதே தப்பாயிருமோன்னு பயமா?”

“ரெண்டும்தான்.”

அப்பா களத்தில் காய்ந்துகொண்டிருந்த கொத்தமல்லியை ஒரு கை அள்ளிப் பார்த்தார்கள். “ஈரமா இருக்குற மல்லிய நான் மூட்டை புடிச்சு அனுப்புவனா? அனுப்புனா போற எடத்துல நாறும். அவன் பேரு போட்டுல்ல போகுது இது. கல்யாணத் தேதி தள்ளணும்னா தள்ளட்டும். பந்தல்குடிக்கு, பொண்ணு வீட்டுக்கு நான் போயிச் சொல்லிக்கிறேன், அவுக என்ன, வெரட்டியா விடப் போறாக?” என்றார்கள். அள்ளியதைத் திரும்பக் களத்தில் போட்டுவிட்டு, “நீ அத எழுதிக் குடு. நானே கொண்டுபோறேன். தபால்ல போட்டா நீ திரும்ப வாங்கப் போயிருவ” என்றார்கள். இருபத்தைந்து வருடம் ஒன்றாக இருந்தால் ஆள் தெரிந்துவிடுகிறது. தையில் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயே, இதையும் தெரிந்துகொள். பெண்டாட்டி படித்த கணக்கு உனக்குப் புரிய வேண்டும் என்று இல்லை, அவள் பேனா ஏன் நின்றது என்று கேட்கத் தெரிந்தால் போதும். அந்தப் பிள்ளையும் விலங்கியல் படித்தவள் என்கிறார்கள். தவளையைப் பற்றி அவள் என்ன சொன்னாலும் உட்கார்ந்து கேள்.

முதல் இரண்டு பிரதியில் போட்ட குறிகளைப் பிளேடால் சுரண்டி எடுத்தேன். தாள் அந்த இடத்தில் கொஞ்சம் மெலிந்திருக்கும். மற்ற பக்கங்களை முடித்துக் கட்டிவிட்டேன்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பனங்கொட்டையால்தான் பேசாமல் இருந்தேன் என்று முடித்தால் பாதியைத்தான் சொன்னவளாவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கேலில் அது பிடிபட்டதே, அப்போது எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கவலையில்லை. சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷம். எழுந்து கொல்லைக்குப் போய்த் துணிக்கல்லின் மேல் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். யாரும் சொல்லித் தராமல், எந்தப் புத்தகத்தின் கடைசியிலும் பார்க்காமல், நானாகக் கண்டுபிடித்த ஒன்று. கால் மணி நேரம் கழித்துத்தான் அது உன்னுடைய தப்பு என்பதும், உன் வேலையும் கல்யாணமும் அதன்மேல் நிற்கின்றன என்பதும் உறைத்தன. பெற்ற பிள்ளையின் தப்பில் இவ்வளவு மகிழ்ந்தோமே என்று வெட்கமாகிவிட்டது. சொன்னால் என் குரலில் அந்தச் சந்தோஷம் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அந்த மூன்று நாளும் என் வாயைக் கட்டியது இதுதான். பனங்கொட்டைக் கரையில்கூட, இப்போது நினைத்தால், எனக்குள் இதே சந்தோஷம் கொஞ்சம் இருந்திருக்கிறது. அதற்காகத்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், விடை சொன்னதற்காக இல்லை.

இனி நீ செய்ய வேண்டியது. நான் சொல்வது தப்பாக இருக்கலாம். வேறு பக்கத்தில் நீ ஏதோ ஒரு நிபந்தனை வைத்திருந்து நான் கவனிக்காமல் இருக்கலாம். அப்படியானால் கட்டோடு மைப் புட்டியும் நிப்பும் வைத்திருக்கிறேன், ஐந்து இடத்திலும் நீயே குறியைப் போட்டு வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டு, எனக்குப் புரியும்படி ஒரு தாளில் எழுதி அனுப்பு. நான் சொல்வது சரியாக இருந்தால் பிரதிகளைத் தைத்து அட்டை ஒட்டக் கொடுக்காதே. யாருக்கும் தெரியாமல் அந்த வரியை மழுப்பி எழுதவும் வேண்டாம். முடிவு நிற்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, போகும் வழிதான் அறுந்திருக்கிறது. எடுத்த முனையைத் திரும்ப வைத்துக்கொண்டு வேறு வழியில் போக முடியுமா என்று பார். ஆறு மாதம் ஆகட்டும், ஒரு வருடம் ஆகட்டும். வேலை போனால் இன்னொன்று வரும்வரை இங்கே வந்து இரு. மறுபடி நூறு பக்கம் என்றாலும் குறி போட்டுத் தருகிறேன்.

அப்பாவைச் சாப்பிட வைத்து மூன்று மணி பஸ்ஸுக்கு ஏற்றிவிடு. பிறகு இன்றைக்கே கைடு வீட்டுக்குப் போ. ஸ்கேலைச் சொல், தூங்கும் சார்புகளைச் சொல். அவரும் ஒரு ஸ்கேலை முன்னால் வைத்துப் பார்ப்பார். பிறகு, இதை யார் பார்த்தது என்று கேட்பார். ‘வீட்டில் ஒருவர்’ என்று சொல்லிவிடாதே ராசா. என் பெயரைச் சொல்.